கப்பலில் தலைவர்கள் தயாராவதில்லை

என் மேசை டிராயரில், பழைய பாஸ்போர்ட்டுக்கும் காலாவதியான கிரெடிட் கார்டுகளுக்கும் கீழே ஒரு சான்றிதழ் கிடக்கிறது. கெட்டியான தாள். மேலே மூன்று பாய்மரக் கப்பலின் கோட்டோவியம். 'ஐந்து நாள் கடற்பயணத்தில் தலைமைப் பண்பையும் குழுவாகச் செயல்படும் திறனையும் வெளிப்படுத்தினார்' என்று என் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த ஐந்து நாளில் நான் எதையெல்லாம் வெளிப்படுத்தினேன் என்பது எனக்கும் அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் வாளிக்கும்தான் தெரியும்.

நான் கப்பலேறக் காரணமான கதை இதைவிடக் கேவலமானது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் வழக்கு. பாய்மரப் பயிற்சிக் கப்பல்கள் இளைஞர்களுக்கு அருமையான ஒன்றைக் கற்றுத்தருகின்றன. அதை விற்பவர்கள் அதன்மேல் 'லீடர்ஷிப்' என்று தப்பான லேபிளை ஒட்டுகிறார்கள். லேபிள்தானே, போகட்டும் என்று விட முடியாது. கப்பலில் இருப்பவர்கள் எல்லாரும் தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கடலடியில் சாட்சி கிடக்கிறது.

1. சரக்கும் லேபிளும்

தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். என்ஜின் வந்து நூற்றாண்டு கடந்த பிறகும் உலகம் முழுக்க பெரிய பாய்மரக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சரக்கு ஏற்ற இல்லை, பிள்ளைகளை ஏற்ற. 1956இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து லிஸ்பன் வரை இந்தக் கப்பல்களுக்கு ஒரு பந்தயம் நடந்தது. அதன் தொடர்ச்சி இன்றும் நடக்கிறது. கலந்துகொள்ளும் கப்பலில் குறைந்தது பாதிப் பேர் 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நம்மிடமும் இரண்டு இருக்கின்றன. கோவாவில் கட்டப்பட்டு 1997இல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் தரங்கிணி, 2012இல் சேர்ந்த ஐஎன்எஸ் சுதர்ஷினி. இரண்டுக்கும் வீடு கொச்சி.

கடற்படைக்காரர்களை என் வழக்கிலிருந்து விட்டுவிடுகிறேன். தரங்கிணியில் ஏறும் கேடட் பின்னாளில் நிஜமாகவே ஒரு கப்பலுக்கு ஆணையிடப் போகிறவர். அவருக்கு இது பல வருடப் படிப்பில் ஒரு பாடம். தலைமை என்ற சொல்லுக்கு அங்கே சம்பளமும் பொறுப்பும் தேவைப்பட்டால் ராணுவ விசாரணையும் இருக்கின்றன.

என் கோபம் ஐந்து நாளில், பத்து நாளில் தலைவர்களைச் சுட்டு எடுக்கும் அடுப்புகள் மேல். துண்டுப்பிரசுரத்தை எடுத்தால் மூன்று சொற்கள் தவறாமல் இருக்கும்: தன்னம்பிக்கை, குழு உணர்வு, தலைமை. அட்டையில் ஒரு பெண் சுக்கானைப் பிடித்தபடி அடிவானத்தைப் பார்க்கிறாள். கழிவறை கழுவும் பையனின் படம் எந்தப் பிரசுரத்திலும் கிடையாது. ஆனால் அந்தக் கப்பலில் சுக்கானுக்கு ஒரு மணி நேரம் என்றால், கழுவுவது, துடைப்பது, வெங்காயம் உரிப்பது, கயிறு சுருட்டுவது மீதி நேரமெல்லாம். தினமும் காலையில் எல்லாரும் கூடிக் கப்பலைக் கழுவும் வேலைக்கு 'ஹாப்பி ஹவர்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டு எங்கள் கம்பெனி ஆட்கள் கையில் கிளாஸோடு வந்து நின்றது தனிக் கதை.

2. ஆரம்பத்தில் சொன்னது வேறு

இந்தப் பயிற்சி முறையின் வேர்களில் ஒன்று 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் இருக்கிறது. ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு, பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான். அவருக்குத் துணை, ப்ளூ ஃபன்னல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட். ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். உயிர்காக்கும் படகுகளில் ஏறியவர்களில் இளசுகள் சீக்கிரம் நம்பிக்கை இழந்து சாகிறார்கள், பாய்மரக் காலத்துக் கிழடுகள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கணிப்பு. அந்தக் கணிப்பிலிருந்து பிறந்ததுதான் 'அவுட்வர்டு பவுண்டு' பள்ளி.

அன்றைய கேள்வியைக் கவனியுங்கள். படகில் பத்துப் பேர் இருக்கிறார்கள், தண்ணீர் குறைவு, கரை தெரியவில்லை. நீ உயிரோடு இருப்பாயா, பக்கத்தில் இருப்பவனை உயிரோடு வைத்திருப்பாயா? அவ்வளவுதான். 'இந்தப் படகுக்கு நீ லீடர் ஆவாயா' என்று யாரும் கேட்கவில்லை. படகில் பத்து லீடர்கள் இருந்தால் தண்ணீர் இன்னும் சீக்கிரம் தீரும்.

பிறகு போர் முடிந்தது, மேனேஜ்மென்ட் படிப்பு வளர்ந்தது. உயிர்தப்பும் பாடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பதவி உயர்வுப் பாடமாக மாறிவிட்டது.

3. கயிறு சொல்லிக்கொடுப்பது

ஆன்சைட்டில் இங்கிலாந்தில் இருந்தபோது கம்பெனி என்னை அனுப்பியது. சவுத்தாம்ப்டனில் ஏறி, கால்வாயைக் கடந்து குவெர்ன்ஸி தீவு வரை போய்த் திரும்ப வேண்டும். பாதிப் பேர் என்னைப் போன்ற அலுவலக ஜந்துக்கள். மீதி 16லிருந்து 20 வயது வரையான உள்ளூர்ப் பிள்ளைகள். எங்கள் கட்டணம் அவர்கள் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும் ஏற்பாடு.

மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதல் நாள், கப்பல் துறையை விட்டுக் கிளம்பும் முன்பே சொன்ன விதி: கயிறு இழுக்கும்போது ஏதாவது தப்பாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் 'ஹோல்டு!' என்று கத்தலாம். கத்தினால் எல்லாரும் இருக்கும் இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். யார் கத்தியது, ஏன் கத்தியது என்பதெல்லாம் நின்ற பிறகு. சமையலறைப் பையன் கத்தினாலும் அப்படியே, கேப்டன் கத்தினாலும் அப்படியே. அன்று மாலையே ஒருத்தன் விரல் கப்பியில் சிக்கப்போவதைப் பார்த்து ஒரு பெண் கத்தினாள். பன்னிரண்டு பேர் சிலையானோம். பிறகு பார்த்தால் விரல் சிக்கவில்லை, கையுறையின் நுனிதான். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது, மேலே ஏறுவது. பாயைக் கட்டியிருக்கும் குறுக்குமரத்துக்கு நம் கரையோர மக்கள் வைத்திருக்கும் பெயர் பருமல். பாயைச் சுருட்டுபவர்கள் அதன்மேல் வயிற்றை அழுத்திச் சாய்ந்து, கீழே தொங்கும் கால்கயிற்றில் நின்றபடி வேலை செய்வார்கள். எல்லாருக்கும் ஒரே கயிறுதான். புதிதாக ஒருவர் அதில் கால் வைத்தால், ஏற்கெனவே நிற்பவர்களின் கால்கள் சட்டென்று ஏறும், இறங்கும். அதனால் ஏறும் முன் 'ஏறுகிறேன்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நிற்பவர்கள் பிடியை இறுக்கிக்கொண்டு 'சரி' என்ற பிறகுதான் கால் வைக்கலாம். அனுமதி கேட்பது என்று இதைச் சொல்ல முடியாது. என் எடை உன் காலைத் தொடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது. பத்து வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். அடுத்த டீமின் சர்வரைத் தொடுவதற்கு முன் இப்படிச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் நான் இல்லை.

மூன்றாவது, இரவுக் காவல். திரும்பி வரும்போது விடிகாலை நான்கு மணி வாட்ச். முன்னணியத்தில் லுக்அவுட்டாக பதினேழு வயதுப் பெண், கூட நான். வலப்பக்கம் அடிவானத்தில் வெள்ளை விளக்கு என்று அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். இரண்டாம் மேட் எழுந்து வந்தார், பைனாகுலரில் பார்த்தார். விடிவெள்ளி. 'தேங்க்ஸ், அடுத்த விளக்கையும் சொல்லு' என்று போய்விட்டார். அரை மணி கழித்து இன்னொன்று. அது கலங்கரை விளக்கம். அவருக்கு ஏற்கெனவே தெரியும், வரைபடத்திலும் இருக்கிறது. ஆனாலும் மறுபடி எழுந்து வந்து பார்த்தார். வாட்ச் முடியும்போது அவளுக்குக் கொஞ்சம் கூச்சம். அவர் சொன்னதன் சாரம் இது: 'ரெண்டுக்குமே நான் எழுந்து வர வேண்டிய அவசியம் இல்லதான். ஆனா நீ சொல்லாம விட்டதுன்னு ஒண்ணுகூட இல்ல. எனக்கு அது போதும்.'

நான் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். குளிர் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாதபடி உடம்பு நடுங்கியது.

4. நான் அனுப்பப்பட்ட காரணம்

அதற்கு நாலு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரிலீஸ் போட வேண்டும், கிளையன்ட் காத்திருக்கிறார். டீமில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பையன் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, ஒரு டவுட்டு. இந்த ஸ்கிரிப்ட் டேபிள்ல பழைய ஃபீல்டை டிராப் பண்ணிடுதே. ஏதாவது ஆச்சுன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போக முடியாதுல்ல?"

"பாத்துக்கலாம்ப்பா. டெஸ்ட்ல ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சுண்ணா. ஆனா டெஸ்ட்ல டேட்டா கம்மி…"

"டேய், இப்ப வேணாம். மண்டே பேசலாம்."

ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டம் விழுந்தது. திரும்பிப் போக வழியில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டு எழுப்ப ஐந்து மணி நேரம். அதற்குப் பின் வழக்கமான ஆய்வுக் கூட்டம். 'கம்யூனிகேஷன் கேப்' என்று அறிக்கையில் எழுதினார்கள். கேப் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் அந்தப் பையனுக்கு வந்த குறிப்பு: கருத்துகளை இன்னும் அழுத்தமாக முன்வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விடிய விடிய உட்கார்ந்து சிஸ்டத்தை மீட்ட எனக்கு வந்த குறிப்பு: நெருக்கடியில் தலைமைப் பண்பு. கப்பல் பயணம் அதற்குப் பரிசு.

தீ வைத்தவனுக்கு அணைத்ததற்காக மெடல். புகை வருதுன்னு சொன்னவனுக்கு, இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்னு அட்வைஸ். லீடர்ஷிப் என்ற சொல் நம் அலுவலகங்களில் செய்யும் வேலை இதுதான். பேசியவனின் தொண்டையைக் குறை சொல்லிவிட்டு, கேட்காதவனின் காதைத் தப்பவைக்கிறது. அந்தப் பையன் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவனிடம் இதைப் பேச எனக்கு இரண்டு வருடம் ஆனது. "விடுங்கண்ணா" என்றான். அவன் விட்டுவிட்டான் என்று நான் நினைக்கவில்லை.

5. கடலடியில் இருக்கும் சாட்சி

2012 அக்டோபர் 25. அமெரிக்காவின் நியூ லண்டன் துறைமுகத்திலிருந்து பவுன்டி கிளம்பியது. ஒரு ஹாலிவுட் படத்துக்காக 1960இல் கட்டிய பாய்மரக் கப்பல். போக வேண்டியது ஃபுளோரிடா. வழியில் சாண்டி புயல். அது ரகசியமில்லை, எல்லா வானிலை அறிக்கையிலும் இருந்தது. கேப்டன் எல்லாரையும் கூட்டி, புயல் இருக்கிறது, இறங்க விரும்புகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்றார். ஒருவரும் இறங்கவில்லை. அவர் பல்லாண்டு அனுபவசாலி. மாலுமிகளில் பலர் அனுபவம் குறைந்தவர்கள், அவர்மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தவர்கள். அக்டோபர் 29இல் வட கரோலினாவுக்கு அப்பால் கப்பல் மூழ்கியது. பதினாறு பேரில் பதினான்கு பேரைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள் மீட்டன. மாலுமி ஒருவர் இறந்தார். கேப்டனின் உடல் கிடைக்கவே இல்லை. புயலின் பாதை தெரிந்தும் கப்பலைச் செலுத்திய கேப்டனின் பொறுப்பற்ற முடிவே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது.

சட்டக் கண்ணில் பவுன்டி பயிற்சிக் கப்பல் ஆகாது என்று ஒருவர் வாதிடலாம். பரவாயில்லை. நான் கேட்பது வேறு. பதினைந்து பேர் சுற்றி நிற்க, மதிப்புக்குரிய ஒருவர் 'போக விரும்புகிறவர்கள் போகலாம்' என்றால், யாரால் போக முடியும்? வாயால் கதவைத் திறந்துவிட்டு வாசலில் தானே நிற்பது போன்றது அது. 'எனி கொஸ்டின்ஸ்?' என்று மீட்டிங் முடியும்போது கேட்கிறோமே, அதே கேள்வி. அதே மௌனம்.

கன்கார்டியா என்ற கனடாப் பள்ளிக் கப்பலின் கதை இதன் மறுபக்கம். 2010 பிப்ரவரி 17, பிரேசிலுக்கு அப்பால், மாணவர்களும் ஊழியர்களுமாக அறுபத்து நான்கு பேர். திடீர்க் காற்றில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது, நிமிரவில்லை. அசாதாரணமான காற்றுக் கொத்து ஒன்று மேலிருந்து விழுந்தது என்றார் கேப்டன். கனடாவின் விசாரணை அறிக்கை அதை ஏற்கவில்லை. நெருங்கிவந்த காற்றின் ஆபத்தைக் காவலில் இருந்த அதிகாரி உணரவில்லை, திறந்திருந்த கதவுகளும் காற்றுவழிகளும் நீரை உள்ளே விட்டன என்றது. ஆனால் அறுபத்து நான்கு பேரும் பிழைத்தார்கள். ஒன்றரை நாளுக்கு மேல் மிதவைகளில் கிடந்து, சரக்குக் கப்பல்களால் மீட்கப்பட்டார்கள். பிழைக்க வைத்தது எது? அலுக்க அலுக்கச் செய்த ஒத்திகை. யார் எந்த மிதவை, தலையை எண்ணு, பக்கத்தில் இருப்பவரைப் பார். ஹான், ஹோல்ட் இருவரின் 1941 பாடம் அப்படியே.

அதே 2010இல் ஜெர்மன் கடற்படையின் கோர்க் ஃபோக் கப்பலில், பாய்மரத்திலிருந்து விழுந்து ஒரு இளம் கேடட் இறந்தார். அதன்பின் சிலர் மேலே ஏற மறுத்தார்கள். ஏற மறுப்பது கலகமா, உரிமையா என்ற சண்டை நாடாளுமன்றம் வரை போனது. மாட்டேன் என்பதற்கு ஒரு சாதாரணச் சொல்லைத் தராத இடத்தில் அது கலகம் என்ற சொல்லோடுதான் வெளியே வரும்.

6. அப்படியானால் கேப்டனே வேண்டாமா?

வேண்டும். கடலில் ஓட்டெடுப்பு நடத்த முடியாது என்பதை ஏற்கிறேன். புயலில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் எதன்மேல் நிற்கிறது? விடிவெள்ளியைக்கூடச் சொல்லத் தயங்காத லுக்அவுட்டின் குரல்மேல். அவள் வாயை மூடினால் கேப்டன் பாதிக் குருடு. தலைமை என்பது அந்த ஒருவரின் பண்பு என்று சொல்லிக்கொடுக்கும்போது மீதி நாற்பது பேரின் வேலையை நாம் பெயரில்லாமல் ஆக்கிவிடுகிறோம். பெயரில்லாத வேலையை யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

'ஆனால் பிள்ளைகள் மாறித்தானே வருகிறார்கள்?' மாறித்தான் வருகிறார்கள், கண்ணால் பார்த்தேன். முதல் நாள் யாரிடமும் பேசாமல் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பையன், கடைசி நாள் என் இடுப்புப் பட்டியின் கொக்கியை இழுத்துப் பார்த்து, 'இது சரியா மாட்டல' என்று கழற்றி மாட்டினான். என் வயதில் பாதி. அவனை லீடர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதைவிடப் பெரிய சொல் வேண்டும். நம்பி மேலே ஏறலாம் என்ற வகை ஆள்.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ஐஎன்எஸ்வி தாரிணியில் கிளம்பி, எட்டு மாதத்தில் உலகைச் சுற்றி வந்தார்கள். கப்பலில் அந்த இரண்டு பேர் மட்டும்தான். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். நம் செய்திகள் வழக்கம்போல 'தலைமைத்துவம்' என்றன. தென் பெருங்கடலில், நடுராத்திரியில், கீழே ஒருத்தி தூங்குகிறாள். மேலே ஒருத்தி இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்துக்கு ஒரு சொல் கண்டுபிடித்தால் அதைப் பாடத்திட்டத்தில் வைக்கலாம்.

பிரிட்டனில் ஜூபிலி செயிலிங் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பு இருந்தது. லார்டு நெல்சன், டெனேஷியஸ் என்று இரண்டு கப்பல்கள். சக்கர நாற்காலிக்கு லிஃப்ட், பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கப் பேசும் திசைகாட்டி. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சரிபாதியாகச் சேர்ந்து ஓட்டுவதற்கென்றே கட்டியவை. குழு என்றால் என்ன என்பதை மரத்திலும் இரும்பிலும் செய்துகாட்டிய இடம். 2023இல் பணமில்லாமல் அந்த அமைப்பு மூடப்பட்டது. லீடர்ஷிப் பயிலரங்குகளுக்கு மட்டும் எந்தக் கம்பெனியிலும் பட்ஜெட் குறைந்து நான் பார்த்ததில்லை.

7. கேட்க வேண்டியவை

பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும், ஊழியரை அனுப்பும் எச்.ஆர். நண்பர்களுக்கும் மூன்று கேள்விகள் தருகிறேன். கப்பலுக்கும் கேளுங்கள், கோடைக்கால முகாமுக்கும் கேளுங்கள், ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் கயிறு இழுக்கவிடும் பயிற்சியாளரிடமும் கேளுங்கள்.

ஒன்று: என் பிள்ளை 'நிறுத்து' என்று கத்தினால் எல்லாரும் நிற்பார்களா? அது தவறான எச்சரிக்கையாக இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள்?

இரண்டு: வானிலை சரியில்லை என்று கடைசியாக எப்போது புறப்படாமல் இருந்தீர்கள்? 'அப்படி நடந்ததே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மூன்று: மேலே ஏற மாட்டேன் என்கிற பிள்ளைக்கு உங்கள் கப்பலில் என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்? அந்த வேலைக்கும் மரியாதை உண்டா?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். கடல் நல்ல வாத்தியார். சான்றிதழில் என்ன எழுதித் தருகிறார்கள் என்று பார்க்காதீர்கள். திரும்பி வந்தவள் உங்கள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறும் முன், 'ஏறப்போறேன்' என்று சொல்கிறாளா என்று பாருங்கள்.

என் டீமில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. ரிலீஸுக்கு முன் யார் 'ஹோல்டு' போட்டாலும் நிற்கும். போன மாதம் சேர்ந்த பெண் இதுவரை நாலு தடவை போட்டிருக்கிறாள். நாலும் ஒன்றுமில்லாதவை. நாலு தடவையும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒருமுறை உள்ளுக்குள் எரிச்சல் வந்தது, மறைக்க மாட்டேன். ஐந்தாவது தடவைக்காகக் காத்திருக்கிறேன்.